தடைசெய்யப்பட்ட தோட்டம்: பிரெட்ரிக் புரோபலின் வாழ்க்கை

1851 ஆகஸ்ட் 7ஆம் திகதி பிரஷ்ய அரசு ஓர் உத்தரவை வெளியிட்டது. நாட்டில் இயங்கும் கிண்டர்கார்டன்கள் அனைத்தும் தடைசெய்யப்படுகின்றன என்பதே அதன் சாரம். இளம் பிள்ளைகளின் மனதில் நாத்திகத்தையும் சோசலிசத்தையும் விதைக்கும் திட்டத்தின் ஒரு பகுதி அவை என்று கல்வி அமைச்சர் கார்ல் ஒட்டோ வொன் ராவ்மரின் அமைச்சு காரணம் காட்டியது.

அரசு அஞ்சிய அந்த இடங்களில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? பாடசாலை வயதை எட்டாத பிள்ளைகள் கம்பளி நூலால் பின்னிய பந்துகளை உருட்டினார்கள். மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டினார்கள். கடதாசி மடித்தார்கள். ஆளுக்கொரு சிறு பாத்தியில் விதை ஊன்றித் தண்ணீர் விட்டார்கள். பாட்டுப் பாடி வட்டமாக நின்று விளையாடினார்கள்.

இவற்றையெல்லாம் ஆரம்பித்து வைத்தவருக்கு அப்போது 69 வயது. பெயர் பிரெட்ரிக் புரோபல். எங்கள் ஊர்களில் முன்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் மொன்டிசோரி என்ற பெயரைத்தான் அதிகம் காண்கிறோம். மரியா மொன்டிசோரி ரோமில் தன் முதலாவது சிறுவர் இல்லத்தைத் திறந்தது 1907 இல். அதற்கு 70 ஆண்டுகளுக்கு முன்பே, ஜேர்மனியின் ஒரு மலைச் சிற்றூரில், மிகச் சிறிய பிள்ளைகளுக்கு விளையாட்டே கல்வி என்று சொல்லி ஓர் இடத்தை உருவாக்கியவர் புரோபல். முன்பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையின் கையில் ஒரு கடதாசிக் கப்பல் இருக்குமானால், அது அங்கு வந்து சேர்ந்த கதையில் இவருக்குப் பெரிய பங்குண்டு. ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் நான்கு வரிகளுக்குள் அடங்கிப்போகும் இந்த மனிதரின் வாழ்க்கை, காட்டிலும் கற்களுக்கு நடுவிலும் கடன் தொல்லையிலும் கழிந்த நீண்ட வாழ்க்கை.

வேலிக்குள் வளர்ந்த பிள்ளை

புரோபல் 1782 ஏப்ரல் 21ஆம் திகதி துரிங்கியக் காட்டுப் பகுதியிலுள்ள ஒபர்வைஸ்பாஹ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை லூத்தரன் திருச்சபைப் போதகர். பல ஊர்களை உள்ளடக்கிய பெரிய பங்கு அவருடையது. பங்கு வேலைகளே அவரது நாட்களைத் தின்றன. பிரெட்ரிக் பிறந்து ஒன்பது மாதங்களில் தாய் இறந்துபோனார். கைக்குழந்தை வேலைக்காரர்களின் பொறுப்பிலும் மூத்த சகோதரர்களின் பொறுப்பிலும் வளர்ந்தது.

மூன்று வயதளவில் தந்தை மறுமணம் செய்தார். புதிதாக வந்த சின்னம்மா முதலில் பாசமாகவே இருந்தார். தனக்கென ஒரு மகன் பிறந்த பிறகு அவர் மாறிப்போனார். வீட்டுப் பிள்ளையை அழைக்கும் உரிமைச் சொல்லை விட்டு, அந்நியரைச் சுட்டும் சொல்லால் அவனை விளிக்கத் தொடங்கினார். அந்தச் சொல் தன்னை எப்படித் தனிமைப்படுத்தியது என்பதைப் புரோபல் முதிர்ந்த வயதிலும் மறக்கவில்லை.

போதகர் இல்லத்தைச் சுற்றிச் சுவரும் வேலியும் இருந்தன. அதற்கு வெளியே போகச் சிறுவனுக்கு அனுமதி இல்லை. வேலிக்குள் ஒரு தோட்டம் இருந்தது. மேலே வானம் இருந்தது. கூட்டாளிகள் இல்லாத அந்தப் பிள்ளை செடிகளோடும் பூச்சிகளோடும் பொழுதைக் கழித்தான். தந்தை அவனுக்கு எழுத்துக் கற்பிக்க முயன்று களைத்து, மந்தபுத்தி உள்ளவன் என்று முடிவுகட்டி, ஊரிலிருந்த பெண்பிள்ளைகள் பாடசாலையில் சேர்த்துவிட்டார்.

அந்தக் காலத்தில் அவனுக்கு ஆறுதலாக இருந்தவர் அண்ணன் கிறிஸ்டோப். மனிதர்களிடையே ஆண், பெண் என்ற பிரிவு ஏன் இருக்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்த தம்பிக்கு, பூக்களிலும் அந்த வேறுபாடு உண்டு என்று அண்ணன் காட்டிக்கொடுத்தார். ஹேசல் மரத்தின் மொட்டில் தெரிந்த ஊதா நிற இழைகள் அந்தச் சிறுவனைப் பரவசப்படுத்தின. மனித வாழ்க்கைக்கும் செடிகொடிகளின் வாழ்க்கைக்கும் ஏதோ ஓர் உறவு இருக்கிறது என்ற எண்ணம் அங்கே அவனுக்குள் விழுந்தது. பிற்காலத்தில் அவர் எழுதிய அத்தனையும் அந்த எண்ணத்தின் விரிவுதான்.

பத்து வயதில் ஒரு விடிவு வந்தது. ஸ்டாட்இல்ம் நகரிலிருந்த தாய்மாமன் அவனைத் தன்னோடு அழைத்துப்போனார். அவரும் திருச்சபை ஊழியரே. ஆனால் அந்த வீட்டில் கதவுகள் திறந்திருந்தன. பிள்ளை வெளியே போகலாம், ஆற்றங்கரையில் விளையாடலாம், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தால் போதும். ஒரே வயதுச் சிறுவர்கள் பலரோடு அங்கே பாடசாலைக்குப் போனான். கண்டிப்பு ஒரு பிள்ளையை என்ன செய்யும், நம்பிக்கை என்ன செய்யும் என்பதை அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் அனுபவித்துத் தெரிந்துகொண்ட பிள்ளை அவன்.

காடும் பளிங்குகளும்

பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அளவுக்குத் திறமை இல்லை என்று தந்தை கருதியதால், 15 வயதில் புரோபல் ஒரு வனப் பாதுகாவலரிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். அந்தப் பாதுகாவலர் தொழில் தெரிந்தவர். ஆனால் கற்றுக்கொடுக்க நேரமில்லாதவர். இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி இளைஞர் காட்டில் தனியே திரிந்தார். வீட்டிலிருந்த வனவியல், கணித நூல்களைத் தானே படித்தார். அயலிலிருந்த ஒரு மருத்துவர் தாவரவியல் நூல்களை இரவல் கொடுத்தார். செடிகளைச் சேகரித்து, பெயர் அறிந்து, வகைப்படுத்தினார். கற்றுத்தர ஆளில்லாமல் கற்ற அந்த இரண்டு ஆண்டுகளும் அவருடைய உண்மையான பாடசாலையாக அமைந்தன.

1799 இல் யேனா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மற்றோர் அண்ணனுக்குப் பணம் கொண்டுபோனவர், அங்கேயே தங்கிப் படிக்கத் தொடங்கினார். கைக்காசை அண்ணனுக்குக் கடனாகக் கொடுத்தார். அது திரும்பி வரவில்லை. சாப்பாட்டுக் கடை பாக்கி ஏறியது. ஒன்பது வாரம் பல்கலைக்கழகச் சிறையில் இருக்க நேர்ந்தது. தந்தையின் சொத்தில் தனக்குரிய பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்த பிறகே வெளியே வந்தார். 1802 இல் தந்தையும் காலமானார்.

அதன் பின் எழுதுநர், நில அளவையாளர், பண்ணைக் கணக்கர் எனப் பல வேலைகள். எதிலும் நிலைக்கவில்லை. 1805 இல் கட்டடக்கலை படிக்கும் நோக்கத்தோடு பிராங்பேர்ட் போனார். அங்கே மாதிரிப் பாடசாலை ஒன்றின் அதிபராக இருந்த அன்டன் குறூனர், இவருடன் சிறிது பேசிய மட்டிலேயே, கட்டடத்தை விட்டுவிட்டு ஆசிரியராக வரும்படி கேட்டார். வகுப்பறையில் முப்பதுக்கு மேற்பட்ட சிறுவர்களுக்கு முன்னால் நின்ற அந்த முதல் மணித்தியாலத்தில், இத்தனை நாளும் தேடியது இதைத்தான் என்பது புரோபலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியை அண்ணனுக்குக் கடிதமாக எழுதினார். அப்போது வயது 23.

அக்காலத்தில் ஐரோப்பாவில் கல்வி பற்றிச் சிந்தித்த எவரும் சுவிற்சர்லாந்தின் இவர்டன் நகருக்குப் போவார்கள். அங்கே யோஹான் ஹைன்ரிக் பெஸ்டலோசி ஏழை, பணக்காரர் பேதமின்றிப் பிள்ளைகளைச் சேர்த்துப் பாடசாலை நடத்தினார். புரோபல் அதே ஆண்டில் இரண்டு வாரம் அங்கே போய்ப் பார்த்தார். பின்னர் பிராங்பேர்ட்டில் ஒரு பிரபுக் குடும்பத்தின் மூன்று ஆண்பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியரானார். அந்தப் பிள்ளைகளுக்குத் தந்தையிடமிருந்து ஒரு துண்டு நிலம் வாங்கி, அதில் தோட்டம் செய்ய வைத்தார். கடதாசியிலும் மட்டையிலும் பொருள்கள் செய்யப் பழக்கினார். பிற்காலக் கிண்டர்கார்டனின் இரண்டு கால்களும், தோட்டமும் கைவேலையும், அங்கேயே ஊன்றப்பட்டுவிட்டன. 1808 முதல் 1810 வரை அதே பிள்ளைகளோடு இவர்டனில் தங்கிப் பெஸ்டலோசியிடம் தானும் கற்றார். பெஸ்டலோசியின் அன்பு அவரை ஈர்த்தது. ஆனால் அங்கே கற்பிக்கப்பட்ட பாடங்களுக்கிடையே ஓர் உள்ளிணைப்பு இல்லை என்ற குறையும் அவர் மனதில் தங்கியது.

அந்த இணைப்பைத் தேடித்தான் 1811 இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கும், அடுத்த ஆண்டு பேர்லினுக்கும் போனார். பேர்லினில் கனிப்பொருளியல் பேராசிரியர் கிறிஸ்டியன் சாமுவேல் வைஸ் பளிங்குகளை அவற்றின் அச்சுகளைக் கொண்டு வகைப்படுத்தி வந்தார். 1813 இல் நெப்போலியனுக்கு எதிரான போர் மூண்டபோது புரோபல் லுட்சோவ் தொண்டர் படையில் சேர்ந்தார். நாட்டைக் காக்கப் போகாத ஒருவர் அந்த நாட்டின் பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியராக எப்படி நிற்பது என்பது அவரை உறுத்திய கேள்வி. அந்தப் படையில் கிடைத்த இரண்டு நண்பர்கள், லாங்கெதாலும் மிடன்டோர்பும், பின்னர் நீண்ட காலம் அவருடன் இணைந்து பணியாற்றினார்கள்.

போர் முடிந்ததும் வைஸின் கீழ் பேர்லின் கனிப்பொருள் அருங்காட்சியகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பூட்டிய அறைக்குள் நாள் முழுக்கப் பளிங்குகளைத் தரம்பிரித்து அடுக்கும் வேலை அது. உயிரில்லாத கல்லும் உள்ளிருந்து ஒரு விதிப்படி வளர்கிறது. வெளியிலிருந்து தடை வந்தால் அதன் வடிவம் கோணிப்போகிறது. பிள்ளையின் வளர்ச்சியும் அப்படித்தான் என்ற முடிவுக்கு அவர் அந்த அறையில் இருந்தபடி வந்து சேர்ந்தார். ஸ்டொக்ஹோமில் பேராசிரியர் பதவி ஒன்று தேடி வந்தது. அதை மறுத்துவிட்டு, 1816 இல் அருங்காட்சியக வேலையையும் உதறினார்.

கைல்ஹாவ் பண்ணை

அண்ணன் கிறிஸ்டோப் 1813 இல் போரில் காயப்பட்ட வீரர்களைப் பராமரிக்கப் போய், காய்ச்சல் தொற்றி இறந்திருந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் இன்னோர் அண்ணனின் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து, ஐந்து பெறாமக்களோடு, 1816 நவம்பரில் கிறீஸ்ஹைம் என்ற சிற்றூரில் புரோபல் பாடசாலை ஆரம்பித்தார். அனைத்து ஜேர்மன் கல்வி நிலையம் என்று அதற்குப் பெரிய பெயரும் வைத்தார். அடுத்த ஆண்டு பாடசாலை கைல்ஹாவ் என்ற இடத்துக்கு மாறியது.

கைல்ஹாவில் பிள்ளைகள் புத்தகமும் படித்தார்கள், வயலிலும் வேலை செய்தார்கள். ஓடையை மறித்து அணை கட்டினார்கள். மரம் அரிந்து குடில் போட்டார்கள். மலையேறிக் கல்லும் செடியும் சேகரித்தார்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளோடு ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். சாப்பாடு பல நாட்களில் போதாமலே இருந்தது. 1818 இல் புரோபலை மணந்த பேர்லின் நகரத்துப் படித்த பெண்ணான ஹென்றியேற்ற, தன் வசதிகளை விட்டு இந்த வறுமைக்குள் வந்து சேர்ந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

1826 இல் புரோபலின் முக்கிய நூலான ‘மனிதனின் கல்வி’ வெளிவந்தது. வாசிக்கக் கடினமான நூல் அது. சமயமும் தத்துவமும் பளிங்கியலும் கலந்த நீண்ட வாக்கியங்கள். ஆனால் அதற்குள் அன்றைக்குப் புதிதான ஒரு கருத்து இருந்தது. விளையாட்டு என்பது பிள்ளை நேரத்தைப் போக்கச் செய்யும் காரியம் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது, அந்த வயதில் ஒரு பிள்ளை செய்யக்கூடிய மிக உயர்ந்த காரியமே விளையாட்டுத்தான் என்று புரோபல் வாதிட்டார். உள்ளே இருப்பதைப் பிள்ளை வெளியே கொண்டுவரும் வழி அதுவே என்றார்.

அதே ஆண்டுகளில் பாடசாலை சரியத் தொடங்கியிருந்தது. 1819 க்குப் பிறகு ஜேர்மன் அரசுகள் தேசிய உணர்வும் விடுதலைப் பேச்சும் உள்ள எவரையும் சந்தேகித்தன. நீண்ட தலைமுடியும் எளிய உடையுமாகத் திரிந்த கைல்ஹாவ் பிள்ளைகளைக் கண்டு, அங்கே புரட்சிக்காரர்கள் வளர்க்கப்படுகிறார்கள் என்று கதை பரவியது. பிரஷ்யாவின் நெருக்குதலால் உள்ளூர் அரசு விசாரணை நடத்தியது. பரிசோதிக்க வந்த அதிகாரி பாடசாலையைப் புகழ்ந்தே அறிக்கை கொடுத்தார். ஆனால் பயந்துபோன பெற்றோர் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போனார்கள். அறுபதை அண்மித்திருந்த மாணவர் தொகை 1829 இல் ஐந்தாகக் குறைந்தது.

ஒரு பெயர் கிடைத்த நடை

1831 இல் புரோபல் சுவிற்சர்லாந்து போனார். அங்கேயும் பாடசாலைகள், அங்கேயும் எதிர்ப்பு. 1835 இல் பேர்க்டோர்ப் நகரில் ஓர் அநாதை இல்லத்தின் பொறுப்பு வந்தது. பாடசாலைக்கு வரும் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் காணும் குறைகள் பலவற்றின் வேர், பாடசாலைக்கு வருவதற்கு முந்திய ஆண்டுகளில் இருக்கிறது என்ற முடிவு அவருக்கு அங்கேதான் உறுதியானது. அந்த வயதுப் பிள்ளைகளை அன்று எவரும் கல்விக்கு உரியவர்களாகப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அடைத்துவைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள் இருந்தன. எழுத்தை உருப்போட வைக்கும் இடங்களும் இருந்தன. இரண்டுக்கும் வெளியே ஓர் இடம் தேவை என்று அவர் நினைத்தார்.

மனைவியின் உடல்நலம் குன்றியதால் நாடு திரும்பி, 1837 இல் கைல்ஹாவுக்கு அருகிலுள்ள பிளாங்கன்பேர்க்கில் அதைத் தொடங்கினார். அவருக்கு அப்போது 55 வயது. வாழ்க்கையில் எதிலும் முழுமையாக வெற்றி பெறாத ஒரு மனிதர், பலர் ஓய்வெடுக்க நினைக்கும் வயதில், தன் முக்கியமான வேலையை அப்போதுதான் ஆரம்பித்தார்.

இடத்துக்குப் பொருத்தமான பெயர் நீண்ட நாள் கிடைக்கவில்லை. பாடசாலை என்று சொல்ல அவருக்கு விருப்பமில்லை. 1840 இல் ஒருநாள் மிடன்டோர்புடனும் பாரொப் என்ற இன்னொரு சகாவுடனும் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது, கீழே பள்ளத்தாக்கு தெரிந்த இடத்தில் அந்தச் சொல் அவருக்கு வந்தது. கிண்டர்கார்டன். பிள்ளைகளின் தோட்டம். 1840 ஜூன் 28ஆம் திகதி அந்தப் பெயரில் நிலையம் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. தோட்டக்காரர் செடியை இழுத்து நீட்டி வளர்ப்பதில்லை. மண்ணைப் பண்படுத்தி, தண்ணீர் விட்டு, வெயில் படச் செய்கிறார். வளர்வது செடியின் வேலை. வனக் காவலில் தொழில் பயின்ற ஒருவருக்கு இந்த ஒப்புமை அலங்காரப் பேச்சாக இருந்திருக்க முடியாது.

அந்தப் பெயர் நேரடியாகவும் உண்மையாக இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியே ஒரு சிறு பாத்தி. அதில் எதை நடுவது என்பது பிள்ளையின் விருப்பம். கவனிக்காவிட்டால் வாடுவதும் பிள்ளையின் கண்முன்னேயே. இவற்றோடு சேர்த்து எல்லோருக்கும் பொதுவான பெரிய பாத்திகள். பூக்களும் மரக்கறிகளும் பெயர் எழுதி நடப்பட்ட அந்தப் பொதுப் பாத்திகளை எல்லோரும் சேர்ந்து பராமரிக்க வேண்டும். எனக்கென்று உள்ளது, எங்களுக்கென்று உள்ளது என்ற இரண்டையும் ஒரு பிள்ளை மண்ணில் கைவைத்துக் கற்றுக்கொண்டது.

பந்து, உருளை, சதுரமுகி

தோட்டத்துக்கு வெளியே, அறைக்குள், புரோபல் வடிவமைத்த விளையாட்டுப் பொருள்கள் இருந்தன. அவற்றைக் கொடைகள் என்று அழைத்தார். முதலாவது, ஆறு நிறங்களில் நூல் கோத்த மென்மையான கம்பளிப் பந்துகள். இரண்டாவது, மரத்தாலான கோளம், உருளை, சதுரமுகி. நூலில் கட்டிச் சுழற்றினால் சதுரமுகி உருளை போலத் தெரியும். உருளையைக் குறுக்காகச் சுழற்றினால் கோளம் போலத் தெரியும். வேறுவேறாகத் தோன்றும் பொருள்களுக்குள் ஓர் உறவு இருக்கிறது என்று தான் பளிங்கு அறையில் கண்டதை, மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்க வைத்தார்.

மூன்றாவது கொடை, எட்டுச் சிறு சதுரமுகிகளாகப் பிரியும் ஒரு பெரிய சதுரமுகி. அதைத் தொடர்ந்து கனவுருக்களாகவும் முக்கோணத் துண்டுகளாகவும் பிரிபவை வந்தன. அதே எட்டுக் கட்டைகளால் பிள்ளை கதிரை செய்யலாம், பாலம் கட்டலாம். பாதி, கால், அரைக்கால் என்று பிரித்துக் கணக்கும் பார்க்கலாம். நட்சத்திரமாகவும் பூவாகவும் பரப்பிக் கோலம் போலவும் அமைக்கலாம். ஒன்றைக் கலைத்துவிட்டு மற்றதைத் தொடங்காமல், இருக்கிற வடிவத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி அடுத்ததாக மாற்ற வேண்டும் என்பது அவர் விரும்பிய முறை.

கைவேலைகள் அடுத்து வந்தன. கடதாசி மடித்தல், வெட்டுதல், நிறக் கடதாசிக் கீற்றுகளைப் பாய் இழைப்பதுபோல் மாறிமாறிக் கோத்தல், ஊசியால் துளையிட்டு நூலோட்டுதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சிகளைக் குத்தி உருவங்கள் செய்தல், களிமண்ணில் பிடித்தல். இவற்றில் எதுவும் புரோபல் கண்டுபிடித்த கலை அல்ல. வீடுகளிலும் பட்டறைகளிலும் ஏற்கெனவே இருந்தவை. பெரியவர்களின் தொழிலாக இருந்ததைச் சிறு பிள்ளையின் சிந்தனைக் கருவியாகப் பார்த்ததே அவருடைய பங்களிப்பு.

1844 இல் தாய்மாருக்கான பாட்டும் விரல் விளையாட்டும் படங்களுமாக ஒரு நூலை வெளியிட்டார். ஊர் ஊராகப் போய்த் தாய்மார் பிள்ளைகளோடு விளையாடுவதைப் பார்த்துச் சேகரித்த அறிவு அதில் இருந்தது. சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருக்கப் பெண்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும், அதை ஒரு மதிப்புள்ள தொழிலாக ஆக்க வேண்டும் என்றும் விடாமல் வற்புறுத்தினார். பெண்களுக்கு உயர்கல்வியின் வாசல் மூடியிருந்த நாட்களில் அது பலருக்கு வேடிக்கையாகவும் சிலருக்கு ஆபத்தாகவும் தெரிந்தது.

பணம் மட்டும் சேரவில்லை. ஜேர்மன் பெண்கள் பங்கு வாங்கி இந்த முயற்சியைத் தாங்க வேண்டும் என்று கேட்டார், வாங்கியவர்கள் சொற்பம். மனைவி ஹென்றியேற்ற 1839 இலேயே இறந்துவிட்டார். பிளாங்கன்பேர்க் கிண்டர்கார்டன் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. புரோபல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1848 புரட்சி ஆண்டில், கிண்டர்கார்டனை அரச கல்வியின் முதல் படியாக ஏற்க வேண்டும் என்று ருடோல்ஸ்டாட் ஆசிரியர் மாநாட்டின் ஊடாகக் கோரிக்கை எழுந்தது. புரட்சி தோற்றது; கோரிக்கையும் அதோடு போனது.

1849 இல் லீபன்ஸ்டைன் என்ற நீரூற்று ஊரில் சிறு பிள்ளைகளோடு குதித்து விளையாடும் நரைத்த கிழவர் ஒருவரை ஊரார் பைத்தியக்காரர் என்று கேலி செய்தார்கள். அங்கே ஓய்வுக்கு வந்திருந்த பிரபுக் குடும்பப் பெண் பேர்த்தா வொன் மாரன்ஹோல்ட்ஸ்-பூலோ அவரைப் பார்க்கப் போனார். பார்த்தவர் வாழ்நாள் முழுவதையும் அந்த வேலைக்கே கொடுத்தார். அவருடைய உதவியால் அருகிலுள்ள மரியந்தால் மாளிகையில் ஆசிரியைகளுக்கான பயிற்சி நிலையம் 1850 இல் ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் புரோபல் தன் மாணவியும் உதவியாளருமான லூயிசா லெவினை மணந்தார். இரண்டே மாதங்களில் தடை உத்தரவு வந்தது.

தடை

உத்தரவுக்கு உடனடிக் காரணமாக இருந்தது ஒரு குழப்பம். புரோபலின் பெறாமகன் கார்ல் புரோபல், பெண்களின் உயர்கல்வியையும் கிண்டர்கார்டனையும் இணைத்து ஒரு பிரசுரம் எழுதியிருந்தார். அவர் தீவிர அரசியல் கருத்துள்ளவர். இன்னொரு பெறாமகன் யூலியஸ் 1848 புரட்சியில் பங்கெடுத்து மரண தண்டனை வரை போய் மன்னிக்கப்பட்டவர். அமைச்சு ஒரு புரோபலையும் மற்றப் புரோபலையும் ஒன்றாகப் போட்டுவிட்டது. முதியவர் தன் நூல்களையும் விளக்கங்களையும் அனுப்பி வைத்தார். மன்னருக்கும் முறையிட்டார். தவறு சுட்டிக்காட்டப்பட்ட பிறகும் தடை நீங்கவில்லை.

ஆகவே அது வெறும் பெயர்க் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. கட்டளைக்குக் காத்திராமல் தானே யோசித்துச் செய்து பழகும் பிள்ளை, வளர்ந்தபின் எப்படிப்பட்ட குடிமகனாக இருப்பான் என்பதைப் பிரஷ்ய அதிகாரிகள் புரிந்துவைத்திருந்தார்கள். வீட்டுக்கு வெளியே தொழிலும் சம்பளமும் உள்ள பெண்கள் என்ற எண்ணமும் அவர்களுக்கு உவப்பாக இருந்திருக்காது.

1852 இல் கோத்தா நகரில் நடந்த ஆசிரியர் மாநாட்டு மண்டபத்துக்குள் புரோபல் நுழைந்தபோது சபை முழுவதும் எழுந்து நின்றது. அவர் வாழ்க்கையில் கிடைத்த கடைசி மரியாதை அது. அதே ஆண்டு ஜூன் 21ஆம் திகதி, 70 வயதில், மரியந்தாலில் காலமானார். கடைசி நாட்களில் யன்னலைத் திறந்துவைக்கவும் பூக்களை அருகில் வைக்கவும் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தடை நீக்கப்படுவதை அவர் காணவில்லை. அது 1860 இல் நீங்கியது.

அவருக்குப் பிறகு

தடை அந்தத் தோட்டத்தை அழிக்கவில்லை. அதன் விதைகளை வெளியே வீசியது. 1848 க்குப் பின் நாட்டை விட்டுப் போன ஜேர்மனியர்கள் கிண்டர்கார்டனையும் கொண்டுபோனார்கள். புரோபலின் மாணவிகளான இரு சகோதரிகளில் பேர்த்தா றொங்கே லண்டனிலும், மார்கரெத்த ஷுர்ஸ் 1856 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலும் தொடங்கினார்கள். 1873 இல் சென்ற். லூயிஸ் நகரில் அது அரச பாடசாலையின் அங்கமானது. 1876 இல் டோக்கியோ மகளிர் ஆசிரியர் கல்லூரியோடு இணைந்த கிண்டர்கார்டன் திறக்கப்பட்டபோது, ஜப்பானியரின் பழைய கடதாசி மடிப்புக் கலையும் புரோபலின் மடிப்புகளும் ஒரே மேசையில் சந்தித்தன.

அதே 1876 இல் பிலடெல்பியா கண்காட்சியில் ஒரு தாய் இந்தக் கட்டைகளைக் கண்டு மகனுக்காக வாங்கினார். அந்த மகன், பின்னாளில் கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்ற பிராங்க் லொயிட் ரைட். அந்த மரக்கட்டைகளின் உணர்வு தன் விரல்களில் முதுமை வரை தங்கியிருந்தது என்று அவர் எழுதினார். கண்பார்வை மிகக் குறைந்த சிறுவனாகக் கிண்டர்கார்டனுக்குப் போன பக்மின்ஸ்டர் புல்லர், பட்டாணியும் குச்சியும் கொண்டு மற்றப் பிள்ளைகள் சதுர வீடு செய்தபோது, கையால் தடவிப் பார்த்து முக்கோணமே அசையாமல் நிற்கிறது என்று கண்டுகொண்டதை நினைவுகூர்ந்தார். அவரும் முக்கோணங்களால் ஆன குவிமாடங்களால் உலகப் புகழ்பெற்றவர்.

ஆனால் இந்தப் பரவலுக்கு ஒரு விலையும் இருந்தது. கொடைகள் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டுப் பெட்டியில் விற்பனைக்கு வந்தன. பின்வந்தவர்களில் பலர் அவற்றைக் கட்டாயப் பயிற்சிகளாக்கினார்கள். நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, ஆசிரியையின் சொல்லுக்கு ஏற்ப ஒரே நேரத்தில் ஒரே கட்டையைத் தூக்கி ஒரே இடத்தில் வைத்தார்கள். ஒழுங்கில் ஆழ்ந்த பற்றுக்கொண்டிருந்த புரோபலின் முறையிலேயே அதற்கான விதையும் இருந்தது என்று பின்னாளில் விமர்சகர்கள் சொன்னது நியாயமே. ஒரு பிள்ளையின் விளையாட்டை அரசு உத்தரவு போட்டு நிறுத்தலாம். அதைவிடச் சத்தமில்லாமல், விளையாட்டையே பாடமாக்கியும் நிறுத்தலாம்.

இரண்டாவது ஆபத்து எங்களுக்கு அந்நியமானதல்ல. இந்த நாட்டில் முன்பள்ளியை எவரும் தடைசெய்யவில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கிய ஓட்டம் மூன்று வயதிலேயே தொடங்கிவிடுகிறது, அவ்வளவுதான். முன்பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் இன்று என்ன எழுதினாய் என்று கேட்கிறோம். என்ன செய்தாய் என்று கேட்பது குறைவு. விளையாட விடும் ஆசிரியை படிப்பிக்காதவர் என்று பெயர் வாங்குகிறார். பிள்ளையின் மிக முக்கியமான ஆண்டுகளைப் பொறுப்பேற்கும் அந்த ஆசிரியைகளுக்குக் கிடைப்பதோ கல்வித் துறையிலேயே மிகக் குறைந்த கொடுப்பனவு. பனையோலைப் பெட்டி இழைத்த பாட்டிமாரின் கைகளில் எத்தனை கணிதம் இருந்தது என்பதை எண்ணிப் பார்க்காத தலைமுறையாக நாங்கள் மாறிவிட்டோம்.

ஸ்வைனா என்ற ஊரின் மயானத்தில் புரோபலின் கல்லறை இருக்கிறது. அவருடைய இரண்டாவது கொடையே அங்கு நினைவுக்கல். கீழே சதுரமுகி, அதன் மேல் உருளை, உச்சியில் கோளம். பிள்ளைகள் அடுக்குவது போலவே அடுக்கப்பட்டிருக்கிறது. தை பிறந்ததும் பிள்ளைக்கு முன்பள்ளி தேடிப் போகும் பெற்றோர், எத்தனை கொப்பி தேவை என்று கேட்பதற்கு முன்னர், வளவில் ஒரு பாத்தி இருக்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.